பாஸின் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஹட்டன் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பயிலுனர் சேர்ப்பு: நிகழ்வு ஆய்வு

18 மாதத்தில் 4 பையன்கள் வேலை பழக வந்தார்கள். 3 பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவன் மூத்த பாஸின், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்கின், அக்கா மகன். முதலாளி இதற்குச் சொன்ன விளக்கம் இலங்கை மலையகத்தில் எந்தக் கராஜிலும் கேட்கக்கூடியதுதான்: "இந்தக் காலத்துப் பொடியன்களுக்குப் பொறுமை இல்லை. அவன் ஒருத்தன்தான் தாக்குப்பிடிச்சான்." அந்த விளக்கம் ஏன் பிழை, பிழை எங்கே இருந்தது, அதைத் திருத்த என்ன செலவாகும் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

இது ஒரு தனிக் கராஜின் வரலாறு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஹட்டன், டிக்கோயா, நோர்வுட், மஸ்கெலியா வீதியோரங்களில் உள்ள நடுத்தரக் கராஜ்களில் வழக்கமாக நடப்பதை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. ரூபாக் கணக்குகளும் விளக்கத்துக்கானவை; உங்கள் கராஜின் தொகைகளைப் போட்டு மறுபடி கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். சட்டங்களும் விகிதங்களும் தொழில்நுட்ப அளவுகளும் மட்டும் உள்ளபடியானவை.

கராஜின் அமைப்பு

ஒரு முதலாளி, இரண்டு பாஸ்மார், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் ஒரு வயரிங்காரர். மூன்று வாகனம் நிற்கும் கொட்டகை, ஒரு குழி, ஒரு கொம்பிரசர். வருவதில் பாதி ஓட்டோ. மீதி டொல்பின் வேன், மாருதி, அல்டோ, தோட்டத்து லொறி, எப்போதாவது ட்ரக்டர். டிசெம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம். நோர்வுட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஏறி இறங்கும் வேன்கள் பிரேக் சூடாகி, கிளச் தேய்ந்து, வரிசையில் வந்து நிற்கும். அந்த ஐந்தாறு மாதம் கராஜில் யாருக்கும் யாரோடும் பேச நேரம் இருக்காது.

பாஸ்மாருக்கு மாதச் சம்பளம் இல்லை. வேலைக்கூலியில் 40 வீதம் பாஸுக்கு, 60 வீதம் கராஜுக்கு. இந்த ஒரு வரியை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும் எல்லாமே இதில்தான் தொங்குகிறது.

போனவர்கள் ஏன் போனார்கள்

முதல் பையனுக்கு 17 வயது, சாதாரண தரம் எழுதியவன். வீடு தோட்டத்து டிவிசனில், 9 கிலோமீட்டர் தூரம். கடைசி பஸ் மாலை 5.40க்கு. கராஜ் பூட்டுவதோ கையிலிருக்கும் வாகனம் முடியும்போதுதான், சில நாள் 6.30, சில நாள் 7 மணி. ஆடி மாத மழையில் மூன்று தடவை லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) நடந்தே போனான். ஏழாவது வாரம் வரவில்லை. யாரும் அவனை 5.30க்குப் போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. ஆனால் பாஸ் வாகனத்துக்கு அடியில் படுத்திருக்கும்போது "நான் போறேன் அண்ணே" என்று சொல்ல 17 வயதுப் பையனுக்கு வாய் வராது. போகும் நேரத்தை முதலாளிதான் அறிவித்திருக்க வேண்டும்.

இரண்டாமவன் 19 வயது. ஐந்து மாதம் இருந்தான். கூட்டினான், தேத்தண்ணி வாங்கினான், மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினான், 14ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். சிங்களத்தில் கோலயா என்பார்கள், தமிழில் எடுபிடி. பெயர் எதுவானாலும் ஐந்தாம் மாத முடிவில் அவனால் தனியாகச் செய்ய முடிந்தது டயர் கழற்றுவது மட்டுமே. நாளுக்கு 500 ரூபா. பஸ்ஸுக்கு 180 போனால் கையில் 320. 2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பிறகு வீட்டில் அம்மா போட்டுப் பார்த்த கணக்கு எளிமையானது. அவன் கொழும்புக்கு, புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனான். தொழில் கைக்கு வருகிறது என்று தெரிந்திருந்தால் 320 ரூபாவோடு இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பானா என்று கேட்டால், பெரும்பாலும் இருந்திருப்பான். காசும் இல்லை, தொழிலும் இல்லை என்றால் யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாமவனின் விரல் நசுங்கியது. சரிவான முற்றத்தில் ஜெக் போட்டு உயர்த்திய வேன், சில்லுக்குக் கட்டை வைக்காததால் நகர்ந்தது. உயர்த்திய வாகனத்தைத் தாங்கும் ஸ்டாண்ட் கராஜில் இரண்டு இருந்தன; இரண்டும் வேறொரு வாகனத்துக்கு அடியில். மருந்துச் செலவை முதலாளி கொடுத்தார். நல்ல மனம்தான், ஆனால் சட்டம் அதோடு முடிவதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், பழகவந்தவன் என்பதற்காக ஒருவரை வெளியே விடுவதில்லை. பழகுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரும், வாய்ப்பேச்சில் சேர்ந்தவரும் அதற்குள் அடக்கம்.

இனி நான்காமவன். பாஸின் மருமகன். மற்ற மூவருக்கும் இல்லாத பொறுமை அவனுக்கு இருந்ததா? இல்லை. அவனுக்கு மட்டும் பாஸ் சொல்லிக் கொடுத்தார்.

கூலிக் கணக்கு

ஒரு வேனின் நான்கு சில்லுப் பிரேக் வேலைக்குக் கூலி 6,000 ரூபா என்று வைப்போம். பாஸுக்கு 2,400, கராஜுக்கு 3,600. பாஸ் தனியாகச் செய்தால் இரண்டரை மணித்தியாலம். ஒரு பக்கத்தைப் பையனிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் நான்கு மணித்தியாலம். நாளுக்கு மூன்று வேலை முடிப்பவர் இரண்டுதான் முடிப்பார். அன்றைக்கு அவருடைய பையிலிருந்து 2,400 ரூபா போகிறது.

ஆக, பயிலுனருக்கு முதலாளி கொடுத்த 500 ரூபா சின்னச் செலவு. பெரிய செலவை பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் அவரிடம் யாரும் கேட்காமலே. அந்தச் செலவிலிருந்து தப்ப அவருக்கு இருந்த ஒரே வழி, பையனைக் கூட்டவும் கழுவவும் விடுவது. "பாஸ்மார் தொழிலை மறைக்கிறார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு எங்கும் உண்டு. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் மறைப்பதற்குக் கூலியும் கற்பிப்பதற்குத் தண்டமும் விதிக்கிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மனிதரைக் குறை சொல்வது நியாயமல்ல. மருமகனுக்கு மட்டும் அவர் அந்தத் தண்டத்தைக் கட்டினார், அது சொந்த இரத்தம் என்பதால்.

மாற்றம் இங்கிருந்துதான் தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் காலை 8 முதல் 10 வரை கற்பிக்கும் நேரம். வாரத்தின் அமைதியான காலைகள் அவை. ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்ய முடியாது. அந்த நான்கு மணித்தியாலத்துக்கு பாஸுக்கு மணிக்கு 900 ரூபா கராஜ் கொடுக்கும். வேகமாகச் செய்யும்போது அவர் மணிக்கு உழைப்பது 960 என்பதால் 900 அவருக்கு நட்டமாகத் தெரியவில்லை. மாதத்துக்கு 14,400 ரூபா.

பயிலுனருக்கு நாளுக்கு 900, பஸ் காசு 180 தனியாக. 24 நாளுக்கு ஒருவருக்கு 25,920. ஒரே ஒருவரைச் சேர்த்தால் மாதச் செலவு 40,320. இருவரைச் சேர்த்தால் 66,240, அதாவது ஆளுக்கு 33,120. கற்பிக்கும் கூலி இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் இந்த இறக்கம். இன்னொரு இலாபம் கணக்கில் வராதது: பாஸிடம் இரண்டாம் தடவை கேட்க வெட்கப்படும் பையன், பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பான். மூன்று பேரைச் சேர்த்தால் இன்னும் மலிவு என்று தோன்றும். இரண்டு பாஸ்மார் உள்ள இடத்தில் மூன்றாமவன் மறுபடியும் எடுபிடிதான்.

முதல் நான்கு மாதம் இந்தப் பணம் திரும்பாது. 264,960 ரூபா முதலீடு. ஐந்தாம் மாதத்திலிருந்து ஒயில் மாற்றும் சேவையை இருவரும் எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு வாகனம், கூலி 1,500 வீதம் செய்தால் மாதம் 72,000. அதுவரை அந்த நேரத்தைச் செலவழித்த பாஸ் கிளச், கியர்பெட்டி வேலைக்குப் போகிறார். தாளில் இப்படி. நடப்பில் மழைமாதங்களில் நாளுக்கு இரண்டு சேவை வராது, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எப்போது, யாரை, என்ன தாளோடு

பருவம் உச்சத்தில் இருக்கும்போதுதான் "கை போதவில்லை" என்று ஆள் தேடுவார்கள். ஜனவரியில் சேர்ந்தவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. வெசாக் முடிந்து, வாகன வரத்துக் குறைந்த பிறகு, ஜூன் முதல் வாரமே சேர்ப்புக்கு ஏற்றது. அப்படிச் சேர்ந்தவர்கள் அடுத்த டிசெம்பருக்குள் ஆறு மாதம் பழகியிருப்பார்கள். தென்மேற்குப் பருவ மழை அதே மாதங்களில் கொட்டும் என்பது இதிலுள்ள ஒரு சிக்கல். வீதியில் மண் சரிந்த நாளில் வராமல் போனதை விடுப்பாகவே எழுத வேண்டும், தண்டமாக அல்ல.

தெரிவுக்குப் பரீட்சைப் பெறுபேறு அதிகம் உதவாது. அரை நாள் சோதனை போதும், அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்து. ஒரு தட்டில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் நட்டுகளும் போல்டுகளும் 20 வரை கலந்து கொட்டி, சோடி சேர்க்கச் சொல்லுங்கள். புரி ஒவ்வாத போல்டை பலவந்தமாகத் திருகுகிறவனையும், நிறுத்தி இன்னொன்றை எடுத்துப் பார்க்கிறவனையும் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். பிறகு வீட்டாரோடு பேச வேண்டும். பஸ் நேரம், தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருக்கிறானா, வீட்டுக்கு எவ்வளவு காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

வயது விஷயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை. 2021 திருத்தத்தின் பின் 16 வயதுக்குக் கீழ் எவரையும் வேலைக்கு வைக்க முடியாது. 18 வயது நிறையாதவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்த முடியாது. கராஜில் ஒட்டுவேலை (வெல்டிங்), ஸ்ப்ரே பெயின்ட், குழிக்குள் இறங்குவது, உயர்த்திய வாகனத்துக்கு அடியில் படுப்பது எல்லாவற்றையும் 18க்குக் கீழ்ப்பட்டவருக்கு மூடிவிட்டால் பிறகு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். 18 நிறைந்தவரைச் சேர்ப்பதே இந்தத் தொழிலுக்குப் பொருந்தும்.

"பயிலுனர்" என்று சொந்தமாகப் பெயர் வைத்து, ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் வேலை வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியர். 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா என்ற தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அவருக்கும் உரியது. முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபாவுக்கு முதலாளியின் பங்கு 3,600உம் 900உம் சேர்ந்து 4,500. நாளுக்கு 500 ரூபா என்ற பழைய ஏற்பாடு இந்தக் கணக்கில் எங்கும் நிற்காது. மூன்று வருடம் கழித்துத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு வந்தால் நிலுவையும் மிகைக்கட்டணமும் சேர்ந்து வரும்.

சரியான வழி, நைட்டா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போவது. தொழிலிடத்திலேயே பயிற்சி பெறும் முறை அவர்களிடம் உண்டு. பரிசோதகர் வந்து இடத்தையும் கருவிகளையும் கற்பிப்பவரையும் பார்ப்பார். தொழில், காலம், படி (பயிலுனருக்குக் கொடுக்கும் காசு), நேரம், விடுப்பு, இடையில் விலகுவது ஆகியவை ஒப்பந்தத்தில் எழுதப்படும். முடிவில் தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ.) மதிப்பீடு. என்.வி.கியூ. 4ஆம் மட்டம் முழுமையான கைவினைஞருக்கு உரியது. 5, 6 டிப்ளோமா மட்டங்கள். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி பற்றிய கேள்வியை ஒப்பந்தம் எழுதும் அன்றே தொழில் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோவையில் வைத்துவிட்டால் பின்னால் தலையிடி இல்லை.

மலையகத்தில் தாள்வேலை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இன்னொரு விதம், அடையாள அட்டையில் மூன்றாவது விதம். தோட்டத்தில் பதியப்பட்ட காலத்தில் யாரோ கேட்டு, யாரோ எழுதியது. அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்களே எல்லாப் படிவத்திலும் வர வேண்டும் என்று முதல் நாளே முடிவுசெய்து, வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம் போடவைக்க வேண்டும். அதற்கு அரை நாள் விடுப்பும் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் பழகிய பிறகு சான்றிதழ் வேறு பெயரில் வந்தால் திருத்துவது பெரும்பாடு.

மூலச் சான்றிதழ்களை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஓடிப்போகாமல் இருக்கவாம். ஓடுகிறவன் பிரதி எடுத்துக்கொண்டு ஓடுவான். இருக்கிறவனுக்கு அன்றைக்கே நம்பிக்கை போய்விடும். பிரதி போதும்.

முதல் 12 வாரம்

இரண்டு ஓவரோல், முன்பக்கம் கடினமான சப்பாத்து ஒரு சோடி, கண்ணாடி. இவை முதல் நாளே. பாட்டாச் செருப்போடு கொட்டகைக்குள் வேலை இல்லை. நான்கு ஸ்டாண்டும் ஆறு மரக்கட்டையும் புதிதாக வாங்கப்பட்டன. விதி ஒன்றே: ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அந்த வாகனம் காத்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் கருவிகளின் பெயர், அளவு, ஜெக் வைக்கும் இடம், சில்லு கழற்றிப் பூட்டுவது. சில்லு நட்டுகளை வட்டமாக அல்ல, எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் சில்லு தரையைத் தொட்ட பிறகு, டோர்க் ரென்ச்சால். இந்த டோர்க் என்பது பையனுக்குப் புதியதல்ல. பாடசாலை விஞ்ஞானத்தில் விசைத் திருப்பம் என்று படித்திருக்கிறான். அரை மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 200 நியூட்டன், ஏறத்தாழ 20 கிலோ பாரம் அளவுக்குத் தள்ளினால் 100 நியூட்டன் மீட்டர். நீள இரும்புக் குழாயை மாட்டி ஏறி மிதித்தால் சில்லைப் பூட்டும் ஸ்டட் ஏன் அறும் என்பது இந்த ஒரு பெருக்கலில் விளங்கிவிடும். பாடப்புத்தகத்தில் ஆளி, மின்கலம், அமுக்கம். கராஜில் சுவிட்ச், பட்டறி, பிரஷர். இரண்டு சொல்லையும் ஒரே கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதவைத்தது பின்னால் மதிப்பீட்டின்போது கைகொடுக்கும். கேள்வித்தாள் பேசுவது பாடப்புத்தகத் தமிழ்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒயில் சேவை. இங்கே நடக்கும் பிழைகள் மூன்று. ஒயில் வடிக்கும் சம்ப் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி அலுமினியப் புரியை உரித்துவிடுவது. பழைய வொஷரையே போடுவது. பில்டரை ரென்ச்சால் இறுக்குவது. பில்டரின் றப்பர் வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று, அவ்வளவே. ஸ்பார்க் பிளக்கை எப்போதும் விரலால் தொடங்க வேண்டும். விரலுக்கு வராத புரியை ஸ்பேனருக்கு வரவைத்தால் அது புரி வெட்டுப்பட்டதன் அறிகுறி.

ஏழாம் வாரம் பிரேக். கற்பிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கினார்கள். மலைநாட்டில் வேறெந்தப் பிழையையும் வீதியோரம் நிறுத்திவிடலாம். ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பிழைத்தால் நிறுத்த இடமில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 ஆக இறங்கும். டொட் 4க்கு 230உம் 155உம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சில்லருகே எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வாகனம் நிற்காது. ஆறிய பிறகு பார்த்தால் பெடல் சரியாக இருக்கும். "ஒன்றும் பிழையில்லையே" என்று அனுப்பிவிடுவார்கள். இதை விளங்கிக்கொண்ட பையன், பிரேக் ஷூ மாற்றக் கேட்டு வந்த வாகனத்திலும் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்பான். ஹட்டன் பனிமூட்டத்தில் மூடி திறந்த போத்தலை அலுமாரியில் வைப்பதும் இதே பிழைதான். சின்னப் போத்தல் வாங்கி, திறந்த திகதியை எழுதி, மிச்சத்தைச் சேமிக்காமல் விட வேண்டும்.

எஞ்சின் ஒயில் ஊற்றிய புனலால் பிரேக் எண்ணெய் ஊற்றினான் ஒரு பயிலுனர். துளிதான். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர்கள் ஊதி, பிரேக் இறுகிப் பிடித்தது. நான்கு சில்லிலும் றப்பர் மாற்ற வேண்டி வந்தது. செலவைக் கராஜ் ஏற்றது, படியில் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அடுத்த பிழையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது வாகனத்தோடு வீதிக்குப் போயிருக்கும். பிரேக் எண்ணெய்க்கென்று சிவப்பு வளையம் போட்ட புனல் ஒன்று அதன் பிறகு வந்தது.

எயார் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவது, முதல் பாடத்துக்கு மிகப் பொருத்தமான வேலை. அதற்கு எப்படியும் இரண்டு பேர் வேண்டும். பையன் அங்கே சுமையல்ல, தேவை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சில்லிலிருந்து தொடங்க வேண்டும்: நம் வலப்பக்க ஸ்டியரிங் வாகனங்களில் பழைய சாதாரண அமைப்பென்றால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் முறை) உள்ளவற்றில் கையேட்டில் சொன்ன ஒழுங்கு. "மிதி, பிடி" என்று பாஸ் சொல்வார். காற்று வெளியேறும் பிளீடர் நட்டைத் திறந்து மூடிய பிறகே "விடு". மூடுவதற்கு முன் பெடலை விட்டால் போன காற்றைத் திரும்ப உறிஞ்சிவிடும். எண்ணெய்க் குடுவை இடையில் காலியானாலும் அதே கதி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் மூன்று தடவை தொடங்கினார்கள். கற்பிக்கும் நேரத்துக்குக் கூலி இருந்ததால் பாஸ் கத்தவில்லை. பிரேக் தூசியைக் கொம்பிரசரால் ஊதுவது அடியோடு நிறுத்தப்பட்டது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

சுவரில் ஒரு பலகை: தனியாகச் செய்யலாம், பாஸ் பார்க்கச் செய்யலாம், தொடக்கூடாது என்று மூன்று நிரல். ஒவ்வொரு பயிலுனரின் பெயருக்கும் நேரே வேலைகள் நிரல் மாறும்போது பாஸ் ஒப்பமிடுவார். பிரேக், ஸ்டியரிங், சில்லு நட் மூன்றும் யார் செய்தாலும் இரண்டாம் கை பார்த்து ஒப்பமிட்ட பிறகே வாகனம் வெளியே போகும். இந்த ஒப்பங்களும், கைபேசியில் எடுத்த முன் பின் படங்களும் பதிவேட்டோடு சேர்ந்தால் மதிப்பீட்டுக்கான சான்று தானாகவே திரண்டுவிடும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்புகிற வழக்கத்தைப் பரிசோதகர்கள் நன்றாக அறிவார்கள்.

மாலை 5 மணிக்கு மணி அடிக்கும். பயிலுனர்கள் கை கழுவிப் போக வேண்டும், வாகனம் பாதியில் இருந்தாலும்.

சரியானவையும் சரிப்படாதவையும்

அந்த ஜூனில் சேர்ந்த இருவரும் முதல் ஆண்டை முடித்தார்கள். படி மாதம் 5ஆம் திகதி வங்கிக் கணக்குக்குப் போகும். தீபாவளி மாதத்தில் மட்டும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாக. தோட்டத்தில் பண்டிகை முற்பணம் வாங்கிப் பழகிய வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

எதிர்பாராத பலன் மூத்த பாஸிடம் கிடைத்தது. 30 வருட அனுபவம், கையில் ஒரு தாளும் இல்லை. அனுபவத்தில் கற்றதை மதிப்பிடும் முன்கற்றல் அங்கீகார முறையில் அவரையே என்.வி.கியூ. 4 மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். கற்பிப்பவருக்குத் தகைமை இருப்பது ஒப்பந்தத்துக்கும் நல்லது. தேறி வந்த பிறகு செவ்வாய்க் காலையில் அவர் 7.45க்கே வந்துவிடுகிறார்.

இளைய பாஸ் மாறவில்லை. மணிக்கு 900 அவருக்குப் போதவில்லை, அவர் அதைவிட வேகமாக உழைப்பவர். வற்புறுத்தவில்லை, பயிலுனர்களை அவரிடம் விடுவதும் இல்லை. விருப்பமில்லாதவரிடம் அனுப்பும் ஒரு நாள், விருப்பமுள்ளவர் கட்டிய ஒரு வாரத்தை இடித்துவிடும்.

பெண் பிள்ளை ஒருவர் வயரிங் பழக விசாரித்து வந்தபோது கராஜில் பூட்டக்கூடிய கழிவறையோ உடை மாற்ற இடமோ இருக்கவில்லை. தாயார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போனார். கழிவறை இப்போது கட்டப்பட்டிருக்கிறது, அவர் வேறிடம் போய்விட்டார்.

18ஆம் மாதத்தில் இருவரில் ஒருவனைக் கண்டியில் ஒரு வாகன நிறுவனம் எடுத்துக்கொண்டது. முதலாளிக்குக் கோபம், இரண்டு வருடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிணைப் பத்திரம் எழுதவேண்டும் என்றார். முதலீட்டைக் கணக்குப் பார்த்தபோது, ஒயில் சேவை வருமானத்தோடு பாஸ் கூடுதலாகச் செய்த கிளச், கியர்பெட்டி வேலையையும் சேர்த்தால், அந்தப் பையனுடைய பங்கு ஏற்கெனவே திரும்பியிருந்தது. பிணைப் பத்திரம் கைவிடப்பட்டது. பதிலாக, மிஞ்சியவனுக்கு ஒயில் சேவைக் கூலியில் 15 வீதப் பங்கு எழுதப்பட்டது. ஒரு சேவைக்கு 225 ரூபா. அடுத்த ஜூனில் சேர வந்த இருவருக்கும் முதல் இரண்டு வாரப் பாடத்தை அவனே எடுத்தான், மணிக்கு 400 ரூபா கூலியோடு.